இருமலையும் மறைக்காதீங்க, பழைய நோயையும் மறைக்காதீங்க

(கல்வராயன்மலைப் பகுதி குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தோம். ஒரே உறுப்பினர் ‘மருத்துவச் செலவு’ என்று மூன்று முறை கடன் வாங்கியிருந்தார். விசாரித்தோம். மூணு மாசமா இருமலாம். டானிக், ஊசி என்று பணம் கரைந்ததே தவிர, சளிப் பரிசோதனை செய்யவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாங்களே கூட்டிப் போனோம். “முன்னால காசநோய் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லை” என்றார். வெளியே வந்ததும் எங்களிடம் அழுதார். நாலு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் வேலை செய்தபோது ரெண்டு மாசம் சாப்பிட்டாராம். உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டாராம். “பொண்ணுக்கு வரன் பாக்குறோம், அதான் சொல்லல.” மறுபடியும் உள்ளே போய்ச் சொல்ல வைத்தோம். அவர் சம்மதத்தோடுதான் பேர் சொல்லாமல் இதைச் சொல்கிறோம்.

அந்த ஒரு பதில் ஏன் முக்கியம்? பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம். பழைய கதை தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்று டாக்டர் சரியாக முடிவு செய்ய முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவது, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்க. முன்பு காசநோய் வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, சர்க்கரை நோய் உண்டா என்று மூன்றையும் நீங்களே சொல்லுங்க. பழைய மருந்து அட்டையைத் தூக்கிப் போடாதீங்க.

தட்டு, டம்ளரைத் தனியா வைக்க வேண்டாம். இது இருமும்போது காற்றில் பரவும் நோய். வாயை மூடி இருமணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கே காட்டியது.

அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலும் ஆறு மாதம் விடாமல் சாப்பிடணும். சிறுநீர் சிவந்தால் பயப்படாதீங்க, அது மாத்திரையின் நிறம். வேலைக்கு வெளியூர் போவதானால் முன்கூட்டியே சொல்லுங்க, அங்கேயும் மருந்து கிடைக்கும். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்ததும், “யார் வீட்டிலாவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா?” என்று ஊக்குநர் கேட்கட்டும். கடனுக்குக் கையெழுத்துப் போடும் நாம், ஆஸ்பத்திரிக்குத் துணையாகவும் போவோம்.