தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளருக்குச் சட்டத்தின் காப்பு

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கொள்ளை நோய் பரவும் காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்குச் சட்டம் எந்த அளவுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது, எந்த அளவுக்கு அளிக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல்லை நாம் மூன்று பொருள்களில் வழங்கி வருகிறோம். பணியாளரை அடிதடியிலிருந்து காப்பது ஒன்று. நோய்க்கு அவர் பலியானால் அவர் குடும்பத்தைக் காப்பது மற்றொன்று. பணியின்போது நேரும் பிழைக்காக அவர் நீதிமன்றப் படியேறாமல் காப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் நாம் ஓரளவு முன்னேறியிருக்கிறோம். மூன்றாவதில் சட்டம் இன்னும் தெளிவு பெறவில்லை.

வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதை ஒட்டி 1897 பிப்ரவரி 4-ஆம் நாள் தொற்றுநோய்கள் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டத்தின் கடைசிப் பிரிவு, இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்று கூறுகிறது. வீடுகளில் புகுந்து சோதனையிடவும், மக்களைப் பிரித்து முகாம்களில் வைக்கவும் முனைந்த ஆட்சி, தன் அலுவலர்களுக்கு இட்டுக்கொண்ட வேலி அது. புனாவில் அந்நடவடிக்கைகள் எத்துணைக் கசப்பை விளைவித்தன என்பதையும், அங்கே பிளேக் குழுவின் தலைவராயிருந்த ராண்ட் அதே ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் சுடப்பட்டதையும் நாம் அறிவோம். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டாத அதிகாரம் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும் என்பது அன்றே கிடைத்த பாடம்.

அச்சட்டத்தைத்தான் 2020-இல் கோவிட் தொற்றின்போது நாம் மீண்டும் கையில் எடுத்தோம். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் சென்னையில், தொற்றால் உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பலொன்று தாக்கியது. நாட்டின் பிற பகுதிகளிலும் மருத்துவப் பணியாளர்கள் தாக்கப்பட்டனர். ஏப்ரல் 22-ஆம் நாள் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. அதன்படி, தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுங்காயம் விளைவித்தால் சிறைத் தண்டனை 6 மாதம் முதல் 7 ஆண்டு வரையிலும், அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் உயரும். இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி 30 நாட்களுக்குள் புலன் விசாரணையை முடிக்க வேண்டும். மருத்துவர், செவிலியர் மட்டுமன்றி, கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் சமூகச் சுகாதாரப் பணியாளரும் இக்காப்பில் அடங்குவர்.

குடும்பத்திற்கான காப்பைப் பொறுத்தவரை, 2020 மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்ட காப்பீட்டுத் திட்டம், கோவிட் பணியில் உயிரிழந்தோரின் குடும்பத்திற்கு 50 லட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது.

இனி மூன்றாவது காப்பு. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், 1897-இன் நான்காவது பிரிவைத் தொடவில்லை. அப்பிரிவு 'இச்சட்டத்தின்கீழ்' செய்த செயலுக்கே பொருந்தும். தனிமைப்படுத்தும் ஆணையை நிறைவேற்றும் அலுவலருக்கு அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நள்ளிரவில் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கும் வார்டில், எந்த நோயாளிக்கு முதலில் குழாயைப் பொருத்துவது என்று முடிவு செய்யும் செவிலியருக்கு அது பொருந்துமா? அச்செயல் சட்டத்தின்கீழ் நடந்ததா, அன்றாட மருத்துவப் பணியின்பாற்பட்டதா என்பது வாதத்திற்குரியது.

'நல்லெண்ணம்' என்பதற்கும் அச்சட்டம் பொருள் கூறவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், உரிய கவனமின்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது என்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே கூறுகிறது. ஆனால், சட்டச் சொற்களுக்குப் பொதுப்பொருள் வகுக்கும் 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டமோ, நேர்மையுடன் செய்தது போதும், கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணமே என்கிறது. அது மார்ச் மாதம் இயற்றப்பட்டது. தனக்குப் பின் வந்த மத்தியச் சட்டங்களுக்கே அதன் பொருள் விளக்கம் உரியது. தொற்றுநோய்கள் சட்டமோ சில வாரங்கள் முந்தியது. இரு விளக்கங்களுக்கு இடையே பணியாளரின் கதி ஊசலாடுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகளில் அவருக்கு ஓரளவு துணை உண்டு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தாக வேண்டும் என்றும், வழக்கமான நடைமுறையாக அவரைக் கைது செய்தல் கூடாது என்றும் வரையறுத்தது. நஷ்ட ஈட்டுக்கான வழி வேறு. 1995-இல் வி. பி. சாந்தா வழக்கின் தீர்ப்புப்படி, கட்டணம் பெறும் மருத்துவமனையின் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதற்குள் வாராது. ஆனால் இவையெல்லாம் இயல்பான காலத்திற்கு வகுத்த அளவுகோல்கள்.

2021 மே மாதம் இரண்டாம் அலையின்போது, பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர் படிப்பு முடித்தோரையும் மூத்தோர் மேற்பார்வையில் கோவிட் பணியில் ஈடுபடுத்தவும், இறுதியாண்டு மருத்துவ மாணவர்களைத் தொலைபேசி வழி ஆலோசனைக்கும் இலேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் பயன்படுத்தவும் மத்திய அரசு முடிவு செய்தது. அம்முடிவு தேவையானதே. ஆனால், அனுபவமற்ற ஓர் இளைஞர், மேற்பார்வையாளர் வேறு வார்டில் இருக்கும் வேளையில் செய்யும் பிழைக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பதுதான் நல்ல நிர்வாகம்.

அப்படியானால் எல்லோருக்கும் முழு விலக்கு அளித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் இவ்வழியில் வெகுதூரம் சென்றது. 2020 ஏப்ரலில் இயற்றிய சட்டத்தில், மருத்துவர், செவிலியரோடு மருத்துவமனைகளுக்கும், முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கும், அவற்றின் நிர்வாகிகளுக்கும்கூட வழக்கிலிருந்து விலக்கு அளித்தது. முதியோர் நிலையங்களில் பலர் மாண்டபோது, உற்றாரின் கேள்விகளுக்கு எதிரே அவ்விலக்கு திரையாக நின்றது. மறு ஆண்டு ஏப்ரலிலேயே அம்மாநிலம் அச்சட்டத்தை முற்றிலும் நீக்கியது. செவிலியருக்குப் பிடித்த குடை நிர்வாகத்திற்குத் திரையாகிவிடலாகாது.

ஆகவே, நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: காப்பு பணியாளருக்கு உரியது, நிறுவனத்திற்கு உரியதன்று. படுக்கையும் மருந்தும் ஆளும் பற்றாத நிலையில் நேர்மையாக எடுத்த முடிவுக்காக எந்தப் பணியாளரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கூடாது. வேண்டுமென்றே செய்த தீங்கும் மிகக் கடுமையான கவனக்குறைவும் இக்காப்புக்குப் புறம்பானவை. ஆனால் ஆக்சிஜன் ஏன் தீர்ந்தது, கவச உடை ஏன் வரவில்லை என்ற கேள்விகளுக்கு நிறுவனமும் அரசும் விடை கூறியே ஆக வேண்டும். காப்பின் காலமும் தொற்றின் காலத்தோடு முடிய வேண்டும். உறவினரை இழந்தோர், ஒருவரின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே நிவாரணம் பெற ஒரு நிதி இருந்தால், பணியாளர்மீது வழக்குத் தொடர வேண்டிய கட்டாயமும் குறையும்.

1897-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய தேவைக்குப் போதாது என்பதை இந்தியச் சட்ட ஆணையமும் 2024-இல் அளித்த தன் 286-ஆவது அறிக்கையில் சுட்டிக்காட்டியுள்ளது. புதிய சட்டம் வரையும்போது நல்லெண்ணத்தின் பொருளையும், காப்பின் எல்லையையும் ஐயமற எழுதுவது முதற்கடமை.

சட்டம் வரும்வரை அலுவலர்களாகிய தாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழக்கமில்லாத பணிக்கு ஒருவரை அனுப்பும்போது வாய்மொழியாக அனுப்பாதீர்கள். எழுத்தில் ஆணை கொடுங்கள். என்ன பணி, யார் மேற்பார்வை என்பது அதில் இருக்கட்டும். பற்றாக்குறை நேர்ந்த நாளில், எது எப்போது தீர்ந்தது என்பதை வார்டுப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் வழக்கு வந்தால், அந்த ஆணையும் அந்தக் குறிப்புமே அப்பணியாளருக்குச் சாட்சி சொல்லும். நோயாளியின் குடும்பத்திற்கும் உண்மையை அறிய அவையே வழி.