நுண்கணிதத்துக்கு முன்னால்

அமெரிக்கப் பள்ளிகளில் நுண்கணிதத்துக்கு முந்திய படியாக ‘ப்ரீகால்குலஸ்’ என்றொரு வகுப்பு உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் வகுப்பு இல்லை. ஆனால் அதில் வரும் பாடங்களில் பெரும்பகுதி 11-ஆம் வகுப்புக் கணித நூலின் முதல் தொகுதியில் இருக்கிறது. சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல் ஆகியவை அதில் உள்ளவை. எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் இரண்டாம் தொகுதிக்கு உரியவை. இரண்டாம் தொகுதியில் மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் தொகுதியில் விட்ட குறையே.

இதற்கு ஒரு கணக்கே சான்று. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் வர்க்கத்தைத் தரும் சார்பு ஒன்று இருக்கிறது. அதில் எக்ஸுக்குப் பதிலாக எக்ஸ் கூட்டல் ஹெச் என்று கொடுத்தால் விடை என்ன? எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஹெச் என்று எழுதிவிடுவோர் பலர். வர்க்கமாக வேண்டியது எக்ஸ் கூட்டல் ஹெச் முழுவதும். ஆகவே எக்ஸ் வர்க்கம், 2 எக்ஸ் ஹெச், ஹெச் வர்க்கம் ஆகிய மூன்றின் கூடுதலே விடை. அதிலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்து, மீதியை ஹெச்சால் வகுத்தால் 2 எக்ஸ் கூட்டல் ஹெச் கிடைக்கும். ஹெச் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது எஞ்சுவது 2 எக்ஸ். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு அதுதான். இதில் நுண்கணிதம் கடைசி அடி மட்டுமே. அதற்கு முந்தியதெல்லாம் சார்பும் உயர்நிலைப் பள்ளி இயற்கணிதமும்.

எனவே தயாரிப்பு 10-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. காரணிப்படுத்துதல், பின்னக் கோவைகளைச் சுருக்குதல், அடுக்கு விதிகள், இருபடிச் சமன்பாடு ஆகிய நான்கும் தடங்கலின்றிக் கைக்கு வர வேண்டும். ஒரு விதியில் ஐயம் வந்தால் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49. தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது வரைபடம். எக்ஸ் வர்க்கம், எக்ஸின் மட்டு மதிப்பு, எக்ஸின் தலைகீழி, வர்க்கமூலம் ஆகியவற்றின் வரைபடங்களைக் கையால் வரைந்து பழக வேண்டும். எக்ஸ் கழித்தல் 2-இன் வர்க்கம் என்றால் வளைவரை இடப்பக்கம் நகரும் என்று தோன்றும். உண்மையில் அது வலப்பக்கம் நகர்கிறது. எக்ஸின் மதிப்பு 2 ஆகும்போதுதான் வர்க்கம் பூஜ்ஜியமாகிறது, வளைவரையின் அடிமுனையும் அங்கேதான் இருக்கிறது.

முக்கோணவியலில் மாற்றம் பெரிது. 10-ஆம் வகுப்பில் செங்கோண முக்கோணத்துக்குள் இருந்த கோணம், இங்கே ஓரலகு வட்டத்தைச் சுற்றிவருகிறது. அளவும் ரேடியனாகிறது. 180 பாகை என்பது பை ரேடியன். சைனின் வகைக்கெழு கொசைன் என்ற எளிய விதி ரேடியனில்தான் பொருந்தும். பாகையில் அளந்தால் பையை 180-ஆல் வகுத்து வரும் எண்ணும் கூடவே பெருக்கலில் நிற்கும். கூட்டுக் கோணச் சூத்திரங்களில் சைனுக்கும் கொசைனுக்கும் உரியவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். இரட்டைக் கோணம் முதலிய மற்றவற்றை அவற்றிலிருந்து வருவித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துவிட்டு ‘புரிந்தது’ என்று பக்கத்தைப் புரட்டுவது போதாது. விடையை மூடிவைத்துத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். தவறிய கணக்கை எந்த அடியில் தவறியது என்ற குறிப்போடு தனி நோட்டில் எழுதிவைத்து, சில நாள் கழித்து மீண்டும் போட வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக உட்காருவதைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பயன் தரும்.

சில பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடங்களை நடத்தாமல் நேரே 12-ஆம் வகுப்புப் பாடத்துக்குத் தாவியதும், 2017-18 கல்வியாண்டில் 11-ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு ஒரு காரணம். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் தொகுதியைத் தாண்டிப் போக வழியில்லை. 10-ஆம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாமல், கோடை விடுமுறையில் அதன் இயற்கணிதப் பகுதியை ஒருமுறை முழுதாகப் போட்டு முடிப்பது நல்லது.