வானம் பார்த்த படை

படை நடத்துவோர் பகைவனுக்கு அஞ்சியதிலும் மிகுதியாக வானத்துக்கு அஞ்சியதுண்டு. 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி இரவு வாட்டர்லூ வெளியிலே பெருமழை பெய்தது. நிலம் சேறாயிற்று. மறுநாட் காலையில், நிலம் சற்று உலரட்டும் என்று நெப்போலியன் தன் தாக்குதலைத் தாமதித்தான். அன்று மாலைக்குள் பிரசியப் படை வந்து அவனுடைய எதிரிகளோடு சேர்ந்துகொண்டது. அதன் பின் நிகழ்ந்ததைச் சரித்திரம் படித்த மாணவர் யாவரும் அறிவர்.

மழையைப் பெய் என்று ஏவவும், நில் என்று தடுக்கவும் ஒரு தளபதியால் இயலுமாயின் போர்க்கலை எவ்வாறு மாறும்? இக்கேள்வி வீண் கற்பனை போலத் தோன்றலாம். ஆயினும் இதனையே அடிப்படையாகக் கொண்ட விளையாட்டொன்று இன்று பல நாடுகளிலே சிறுவராலும் முதியோராலும் ஆடப்படுகின்றது. போக்கிமொன் என்பது அதன் பெயர். சட்டைப்பையில் அடங்கும் பூதங்கள் என்பது அப்பெயரின் பொருளாகும்.

இவ்விளையாட்டு 1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27ஆந் திகதி யப்பானில் வெளிவந்தது. இதனை ஆக்கியவர் சட்டோஷி தாஜிரி என்பவர். அவர் சிறுவராயிருந்த காலத்திலே வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். பின்னர் நகரம் பெருகி அவ்வயல்களையும் குளங்களையும் விழுங்கிற்று. தாம் பெற்ற அவ்வின்பத்தை அடுத்த தலைமுறைச் சிறுவரும் பெறவேண்டும் என்னும் எண்ணமே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. விளையாடுவோர் விந்தையான உயிர்களைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடொன்று பொரவிடுவர்.

இவ்வுயிர்கள் பல வகையின. நீர்வகை நெருப்பு வகையை அவிக்கும். நெருப்பு வகை புல்வகையை எரிக்கும். புல்வகை நீரைக் குடித்து நீர்வகையை வெல்லும். எனவே எவ்வுயிரும் எக்காலத்தும் வெல்வதாக இல்லை. உலகப் போட்டியிலே ஒவ்வொருவரும் ஆறு உயிர்கள் கொண்ட படையொன்றைக் கொணர்வர். எதிரியின் ஆறையும் பார்த்த பின்னர், தம் ஆறில் நான்கைத் தெரிந்தெடுப்பர். களத்திலே ஒரு நேரத்தில் இரண்டிரண்டாக நின்று பொரும். இருவரும் தத்தம் கட்டளையை ஒருவர்க்கொருவர் தெரியாமல் இட, அவை வேகத்தின் முறைப்படி நிறைவேறும். வேகமுடையது முந்தித் தாக்கும். இவ்வளவும் அறிந்தால் மேலே சொல்லப்படுவன விளங்கும்.

வானிலை இவ்விளையாட்டினுள் நுழைந்தது 1999ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த பொன், வெள்ளி என்னும் பதிப்புக்களில் மழை, வெயில், மணற்புயல் என்னும் மூன்றும் இடம்பெற்றன. மழை பெய்கையில் நீர்த்தாக்குதலின் வலிமை ஒன்றரை மடங்காகும். நெருப்பின் வலிமை பாதியாகும். வெயில் காய்கையில் இது தலைகீழாகும். இடி என்னும் தாக்குதல் வழக்கமாக நூற்றுக்கு எழுபது முறையே இலக்கைத் தைக்கும். மழையிலோ அது தப்புவதேயில்லை. சூரியக் கதிரைத் திரட்டித் தாக்கும் புல்வகை உயிர், ஒரு சுற்று முழுவதும் கதிரைச் சேர்த்தே மறுசுற்றில் எய்யும். நல்ல வெயிலில் உடனே எய்துவிடும். மணற்புயலோ, பாறை, மண், உருக்கு என்னும் மூவகையல்லாத யாவற்றின் உயிராற்றலிலும் பதினாறில் ஒரு பங்கைச் சுற்றுத்தோறும் அரித்துக்கொண்டே போகும்.

ஆனால் அக்காலத்தில் மழையை அழைப்பதற்கு விலையொன்று இருந்தது. ஓர் உயிர் ஒரு சுற்றை அதற்கெனவே செலவிட வேண்டும். அச்சுற்றிலே எதிரி வாளாவிருப்பானா? தாக்கவே செய்வான். மழை நிற்பதோ ஐந்து சுற்றுக்கள். அழைத்த சுற்றையும் கணக்கிற் சேர்த்தால், பயன்கொள்ள எஞ்சுவன நான்கே. நான்கு சுற்று நன்மைக்காக ஒரு சுற்று அடி வாங்குவது தகுமா என்று ஆராய்ந்தே ஆடவேண்டியிருந்தது.

2002ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மாணிக்கம், நீலம் என்னும் பதிப்புக்கள் இந்நிலையை மாற்றின. ஒவ்வோர் உயிருக்கும் இயற்பண்பு ஒன்று வகுக்கப்பட்டது. கையோகர் என்னும் கடற்பூதம் களத்திலே தோன்றிய அளவில் மழை பொழியும். கிரவுடன் என்னும் நிலப்பூதம் தோன்றிய அளவில் வெயில் கொளுத்தும். டைரானிட்டார் என்னும் மலைப்பூதம் மணற்புயலோடு வரும். இவை கொணரும் வானிலைக்குச் சுற்றுக்கணக்கு இல்லை. வேறொன்று வந்து மாற்றும்வரை நிலைத்திருக்கும். கடலும் நிலமும் தம் எல்லையை விரிக்கப் போரிட, வானத்து நாகமாகிய ரேக்குவாசா இறங்கி வந்து இரண்டையும் அடக்கிற்று என்பது அவ்விளையாட்டிலே சொல்லப்படும் கதை. அதற்கேற்ப, ரேக்குவாசா களத்தில் நிற்கும்வரை எந்த வானிலையும் பயன் தராது.

இங்கேதான் படையமைக்கும் கலை பிறக்கின்றது. மழைப்படை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது மழையைக் கொணரும் உயிர். இரண்டாவது மழையால் வளம் பெறும் உயிர். மழையிலே வேகம் இருமடங்காகும் இயற்பண்பு சில நீர்வாழ் உயிர்களுக்கு உண்டு. நீர்வகை உயிர் தன் வகைத் தாக்குதலை ஏவும்போது இயல்பாகவே ஒன்றரை மடங்கு வலிமை பெறும். மழையின் ஒன்றரை மடங்கும் சேரின் இரண்டேகால் மடங்காகும். வேகம் இருமடங்கு, வலிமை இரண்டேகால் மடங்கு! எதிரி கையை ஓங்கும் முன்னரே அவன் படை சாய்ந்துவிடும். மூன்றாவது, இடியை ஏவும் உயிர். நான்காவது, இவற்றுக்கெல்லாம் பகையான புல்வகையைத் தடுத்து நிற்கும் காவலுயிர். இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாய் அமைந்த படையிலே தனியாகச் சிறந்த உயிர் ஒன்றேனும் இல்லாதிருக்கலாம். சேர்க்கையே அதன் சிறப்பு.

கையோகரும் கிரவுடனும் அளவிறந்த வலிமையுடையவை ஆதலின், பல போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டிலே பொலிட்டோட் என்னும் எளிய தவளைக்கு மழை பொழிவிக்கும் இயற்பண்பும், நைன்டேல்ஸ் என்னும் ஒன்பது வால் நரிக்கு வெயில் காய்விக்கும் இயற்பண்பும் கிடைத்தன. முடிவில்லாத மழை எளியோர் கைக்கும் எட்டிற்று. எங்கு நோக்கினும் மழைப்படைகளே மலிந்தன. தாமே விதிகளை வகுத்துக்கொண்டு ஆடும் ஆர்வலர் குழு ஒன்று இதனைக் குறித்து நெடிது வாதித்தது.

அவர்கள் முன் நின்ற வழக்கு எளியதன்று. மழை கொணரும் தவளையை விலக்கலாமா? தவளை தன்னளவிலே வலிமையற்றது. மழையை மட்டும் வைத்து நேர்மையாக ஆடுவோரும் உளர். அவ்வாறாயின் மழையில் விரையும் உயிர்களை விலக்கலாமா? மழையில்லாத படையிலே அவை எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை; சேர்ந்தபோதே சமநிலை குலைந்தது. ஆகவே அவர்கள் சேர்க்கையையே தடுத்தனர். மழை கொணரும் இயற்பண்பும் மழையில் விரையும் இயற்பண்பும் ஒரே படையிலே இருத்தலாகாது என்பது அவர்கள் கண்ட தீர்ப்பு. அதனை ஏற்றோரும் உண்டு. விதி சிக்கலாயிற்று என்று குறைகூறியோரும் உண்டு. நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் எழும் கேள்வியொன்றை இளைஞர் பலர் விளையாட்டின் வாயிலாக எதிர்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பின்னர், விளையாட்டை ஆக்கியோரே ஒரு முடிவு செய்தனர். 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், இயற்பண்பினால் வரும் வானிலையும் ஐந்து சுற்றுக்களோடு நின்றுவிடும் என்று விதித்தனர். ஈரக்கல் என்னும் பொருளை ஏந்தி வந்தால் மழை எட்டுச் சுற்று நிற்கும். ஆயின் ஓர் உயிர் ஒரு பொருளையே ஏந்தலாம் ஆகையால், கல்லை ஏந்தியது தன்னைக் காக்கும் வேறொன்றை ஏந்த இயலாது. இவ்வாறு மழைக்கு மீண்டும் விலை குறிக்கப்பட்டது.

இனி, இரு தளபதிகள் இருவேறு வானிலைகளைக் கொணர்ந்தால் யாது நிகழும்? இவ்விளையாட்டின் நுட்பங்களுள் மிக இனியது இதுவே. 2016ஆம் ஆண்டிலே பெலிப்பர் என்னும் கூழைக்கடாவுக்கு மழையும், டோர்கோல் என்னும் நிலக்கரி ஆமைக்கு வெயிலும் இயற்பண்பாயின. இரண்டும் ஒரே வேளையில் எதிரெதிரே களம் புகுகின்றன என்று கொள்வோம். வேகமுடைய கூழைக்கடாவின் பண்பு முதலிலே நிகழும், மழை தொடங்கும். மந்தமான ஆமையின் பண்பு பின்னர் நிகழும். மழை நின்று வெயில் காயும். கூழைக்கடாவின் அடிப்படை வேகம் 65, ஆமையினது 20. முந்தியவன் தோற்கிறான், பிந்தியவன் வெல்கிறான். முயலும் ஆமையும் ஓடிய பழங்கதையில் முயல் உறங்கியதால் ஆமை வென்றது. இங்கே முயல் விழித்திருந்தும் ஆமையே வெல்கின்றது. கையோகருக்கும் கிரவுடனுக்கும் அடிப்படை வேகம் 90 என்று ஒன்றாகவே அமைந்திருப்பதால், தம் பூதத்தை வேண்டுமென்றே மந்தமாகப் பழக்கிய ஆட்டக்காரரும் உண்டு.

மற்றொரு நுட்பமும் உளது. மழை எவன் கொணர்ந்தாலும் இருபாலார்க்கும் பொதுவாகவே பெய்யும். கூழைக்கடா பொழிந்த மழையிலே எதிரியின் மீனும் இருமடங்கு விரையும். எதிரியின் இடியும் தப்பாது விழும். அன்றியும், எண்ணப்பட்ட சுற்றுக்களை வீணாக்கும் வழிகளும் உண்டு. காப்பு என்னும் வித்தையால் ஒரு சுற்றைத் தாக்குதலின்றிக் கழிக்கலாம். களத்து உயிரை மாற்றி மற்றொரு சுற்றைக் கழிக்கலாம். ஐந்தில் இரண்டு இவ்வாறு போயின், மழைப்படை தன் வலிமைக்காலத்திற் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆகவே தேர்ந்தவன், மழை தீரும் சுற்று எது என்று எண்ணிக்கொண்டே ஆடுவான்.

2014ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பதிப்புக்களிலே கையோகரும் கிரவுடனும் ஆதி உருவம் பெற்றன. ஆதிக் கிரவுடன் கொணரும் கடுவெயிலிலே நீர்த்தாக்குதல் இலக்கை அடையும் முன்னரே ஆவியாகிவிடும். ஆதிக் கையோகரின் பெருமழையிலே நெருப்பு அவிந்தே போகும். அவற்றைப் பயன்படுத்த இடமளித்த 2016ஆம் ஆண்டு உலகப் போட்டி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்றது. கிரவுடனே அவ்வாண்டில் மிகப் பலர் கொண்ட துணை. ஆனால் வயது வந்தோர் பிரிவில் வெற்றி பெற்ற அமெரிக்கரான வுல்ஃப் கிளிக் கையோகரையும் ரேக்குவாசாவையும் ஒரே படையில் வைத்திருந்தார். ஒன்று மழையைக் கொணர்வது. மற்றது வானத்தையே அடக்குவது. எதிரியின் வெயிலைப் போக்க அவரிடம் இரு வழிகள் இருந்தன. ஒன்று அடைபடின் மற்றது திறந்திருக்கும்.

அவர் படையின் அமைப்பிலே எல்லா வானிலைப் படைகளுக்கும் உரிய பாடம் அடங்கியிருக்கின்றது. மழையை மட்டும் நம்பிய விவசாயியின் நிலத்தை வானம் பார்த்த பூமி என்பது வழக்கு. மழை பெய்தால் அங்கே பொன் விளையும். பொய்த்தால் புல்லும் முளையாது. வானிலையை மட்டும் நம்பி ஆறு உயிர்களையும் சேர்த்தவனுடைய படையும் வானம் பார்த்த படையே. புதிதாக ஆடவரும் சிறுவர் பெரும்பாலும் இப்பிழையையே செய்வர். முதற் சில ஆட்டங்களில் வெற்றிமேல் வெற்றி கிட்டும். பின்னர் ஆமையோடு ஒருவன் வருவான். ஆறும் ஒருங்கே செயலிழக்கும். தேர்ந்தோர் ஆறில் மூன்றையோ நான்கையோ மழைக்கென வைத்து, எஞ்சியவற்றை மழையில்லாக் காலத்துக்கென வைப்பர். சிலவேளை, மழைப்பறவையை எதிரி காணும்படி படையிற் சேர்த்துவிட்டு, தெரிந்தெடுக்கும் நான்கில் அதனை விட்டுவிடுவர். மழைக்கு அஞ்சி எதிரி செய்த ஆயத்தம் அனைத்தும் வீணாகும். பெய்யாத மழையும் இவ்வாறு பயன் தருவதுண்டு.

உலகப் போட்டிகள் 2009ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றன; 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மட்டும் நோய்த்தொற்றின் பொருட்டு நடைபெறவில்லை. சிறுவர்க்கெனத் தனிப்பிரிவும் அங்கு உண்டு. வானிலையின் விதிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. 2022ஆம் ஆண்டிலே, உயிர்களை வருத்தும் ஆலங்கட்டி மழை நீக்கப்பட்டு, எவரையும் வருத்தாது பனிவகை உயிர்களின் காப்பை ஒன்றரை மடங்காக்கும் வெண்பனி அதனிடத்தில் வைக்கப்பட்டது. பழைய படைகள் கலைந்தன, புதியவை எழுந்தன.

திரையின் முன்னே அசையாதிருக்கும் சிறுவனைக் கண்டு, பொழுது வீணாகின்றதே என்று பெற்றோர் கவலுதல் இயல்பே. அளவிறந்தால் எவ்விளையாட்டும் கேடுதான். ஆயினும் அவனைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தல் நன்று. மழை இன்னும் எத்தனை சுற்று நிற்கும், அது நின்றபின் என்ன செய்வாய் என்பதே அக்கேள்வி. அவன் விரல்விட்டு எண்ணி, தன் இரண்டாவது வழியையும் எடுத்துச் சொல்வானாயின், அவனுடைய பொழுது முழுவதும் வீணாகிவிடவில்லை என்று கொள்ளலாம். விடை சொல்ல அறியாது விழிப்பானாயின், அவனருகே அமர்ந்து அந்த இரண்டாவது வழியை அவனோடு சேர்ந்து தேடுவது பெரியோர்க்கும் இழுக்காகாது.