விமானியின் கண்முன் தாளும் திரையும்



விமானம் ஓட்டுதல் கைகளால் மட்டும் நடைபெறும் வேலையன்று. பார்த்தல், நினைவிற் கொள்ளல், முடிவெடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் விமானியின்மீது சுமத்தப்படுகின்றன. அச்சுமையைக் குறைப்பது அச்சிட்ட தாளா, மின்னணுத் திரையா என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்தவுடன் வீழ்ந்தது. நிறுத்தி வைத்த காலத்தில் வால்பகுதியின் அசைவைத் தடுக்கும் பூட்டை விடுவிக்காததே காரணம். ஓட்டியவர்களோ தேர்ந்தவர்கள். நினைவை மட்டும் நம்புதல் தகாது என்றுணர்ந்தே சரிபார்ப்புப் பட்டியலைத் தாளில் எழுதினர்.

ஆயினும், எந்த வரியில் நிறுத்தினோம் என்பதைத் தாள் சொல்லாது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி ஒரு விமானத்தின் இரு எஞ்சின்களும் செயலிழந்தன. ஹட்சன் ஆற்றில் இறங்க மூன்றரை நிமிடமே இருந்தது. அதற்குரிய பட்டியலோ மிக உயரத்தில் பறக்கும் நிலைக்கென எழுதப்பட்டு, மூன்று பக்கம் நீண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கையே முடிக்க இயன்றது. தலைமை விமானி பட்டியலின் வரிசைக்குக் காத்திராமல் துணை மின்னாக்கியை இயக்கினார். 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

1995இல் பணிக்கு வந்த போயிங் 777 விமானத்தில் பட்டியல் திரையிலேயே தோன்றுகிறது. முடிந்த வரி பச்சையாகும். விடுபட்ட வரி விடுபட்டதாகவே நிற்கும். 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள தாள் பையை விடுத்து ஐபேடைக் கைக்கொண்டனர். நன்றே! ஆனால் 2015 ஏப்ரலில் அதன் செயலி பழுதுற்றபோது பல விமானங்கள் புறப்படாமல் நின்றன.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து 469 பேருடன் புறப்பட்ட குவாண்டாஸ் விமானத்தில் எஞ்சின் ஒன்று வெடித்தது. திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. அவற்றைப் படித்து முடிக்கவே ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆயின. கெட்டவை எவை என்பதை விடுத்து, இயங்குபவை எவை என்று தலைமை விமானி எண்ணத் தலைப்பட்டார். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

இதனால் நாம் அறிவது யாது? தாள் மறதியைத் தடுத்தது. திரை தேடும் உழைப்பைக் குறைத்தது. எதை முதலில் காட்டுவது, எதை மறைத்து வைப்பது என்று அமைதியான அறையில் அமர்ந்து முடிவு செய்பவர் ஒருவர். ஆபத்தில் அதைப் படிப்பவர் மற்றொருவர். முன்னவரின் அறிவும் பொறுப்புமே பின்னவரின் சுமையைத் தீர்மானிக்கின்றன.

இளைஞர்களே! விமானி இருக்கையில் மட்டுமன்று, அப்பட்டியலை எழுதும் மேசையிலும் நீங்கள் அமர வேண்டும். அதற்குரிய கணிதமும் அறிவியலும் நம் வகுப்பறைகளிலேயே தொடங்குகின்றன. கற்போம்.