அறக்கொடையும் அரசின் எல்லையும்



குடிமக்களின் உரிமைகளை நெறிப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்திற்கு அரசமைப்பு வகுத்த எல்லையும் உண்டு. அவ்வெல்லையைத் தெளிவாக்கிய தீர்ப்புகளுள் ஒன்று, ஒரு ஜினாலயத்தின் பொருட்டு எழுந்த வழக்கில் கிடைத்தது என்பதைப் பலரும் அறியார்.

1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்து, ஆலய நிர்வாகியான ரதிலால் பானாசந்த் காந்தி வழக்குத் தொடுத்தார். பார்சி அறங்காவலர்களும் அச்சட்டத்தை எதிர்த்தனர். 1954 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது.

அறக்கட்டளையைப் பதிவு செய்க, கணக்கை ஒழுங்காக வைக்க என்று சட்டம் பணிப்பது தவறன்று. அதற்கென வாங்கும் கட்டணமும் செல்லும். (கணக்குக் காட்டத் தயங்குபவர் அறங்காவலர் என்னும் பெயருக்கே உரியவரல்லர்.) ஆனால், சமயப் பிரிவினரின் நிர்வாக உரிமையை அடியோடு பறித்து அரசு ஆணையரிடம் ஒப்படைக்க அரசமைப்பின் 26ஆம் பிரிவு இடந்தராது.

கொடைப்பொருளைப் பற்றியும் நீதிமன்றம் அவ்வாறே கூறியது. திருவிளக்கிற்கென ஒருவர் நிலம் எழுதி வைத்தார் எனக் கொள்வோம். அவ்விளக்கு எரிவதற்கு வழி இருக்கும்வரை, மேலான பணி எனக் கருதிப் பிறிதொன்றுக்கு அவ்வருவாயைத் திருப்ப ஆணையருக்கும் உரிமையில்லை, நீதிமன்றத்திற்கும் உரிமையில்லை. கொடையாளர் கருதிய நோக்கம் நிறைவேற இயலாதபோது மட்டுமே, அதற்கு மிக நெருங்கிய நோக்கத்தை நீதிமன்றம் தேடலாம்.