மேற்கோள் குறிக்கு உள்ளேயா, வெளியேயா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டா இங்கிலீஷ் கிராமர் எடுக்கறாரே" என்று பின் வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டும் மேனுவலும் எழுதித்தான் நம்மில் பலர் சம்பளம் வாங்குகிறோம்.

ஆங்கில வாக்கியம் ஒன்று மேற்கோளில் முடிகிறது. முற்றுப்புள்ளியை மேற்கோள் குறிக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? அமெரிக்கக்காரர்கள் எப்போதும் உள்ளே என்பார்கள். கமாவுக்கும் அதே சட்டம்தான். அச்சில் பார்வையாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. பிரிட்டிஷ்காரர்களோ, "அந்தப் புள்ளி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்பார்கள். மேற்கோளுக்குச் சொந்தமானால் உள்ளே, நம் வாக்கியத்துக்குச் சொந்தமானால் வெளியே. ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில் இப்படிப் பொருள் பார்த்து வைக்க வேண்டும் என்றுதான் வாதாடினார்கள். இன்று ஆங்கில விக்கிப்பீடியாவும் இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கிறது.

சண்டையெல்லாம் இந்த இரண்டு குறிகளுக்கு மட்டும்தான். கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் இரு நாட்டாரும் பொருள் பார்த்தே வைக்கிறார்கள். ஒருவர் சொன்ன முழு வாக்கியத்தோடு நம் வாக்கியமும் முடிந்தால், ஹி செட், "ஐ ஆம் பிஸி." என்று இருவருமே புள்ளியை உள்ளேதான் வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த டைரக்ட் ஸ்பீச் பெரும்பாலும் இந்த வகை. அதனால்தான் வித்தியாசம் நம் கண்ணில் படவே இல்லை.

இப்போ நம்ம தொழிலுக்கு வருவோம். தி பாஸ்வேர்ட் இஸ் "கோவை47." என்று ஒருவர் கடிதம் எழுதுகிறார். கடைசிப் புள்ளியையும் சேர்த்து டைப் அடிப்பதா, வேண்டாமா? அமெரிக்க முறையில் எழுதினால் படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்னொன்று பாருங்கள். யூனிக்ஸில் ஒரு புள்ளி என்றால் நாம் இருக்கும் டைரக்டரி. இரண்டு புள்ளி என்றால் அதற்கு மேலே உள்ள டைரக்டரி. ஃபைலை "." என்ற இடத்துக்குக் காப்பி செய் என்று எழுதப் போய், வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் குறிக்குள்ளே புகுந்துவிட்டால், ஃபைல் வேறு இடத்துக்குப் போய்விடும். மேனுவலைப் பார்த்து அப்படியே அடித்தவன் மேல் என்ன தப்பு?

ஆகவே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்ல வந்தது இதுதான். கதை, கட்டுரை, அமெரிக்கக் கம்பெனிக்கு லெட்டர் என்றால் அவர்கள் வழக்கப்படியே எழுதுங்கள். அது தப்பில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஆனால் எதிராளி எழுத்துக்கு எழுத்து டைப் அடிக்க வேண்டிய விஷயமா? அங்கே மேற்கோள் குறி ஒரு வேலி. உள்ளே இருக்க வேண்டியது மட்டும்தான் உள்ளே இருக்கணும். கம்பெனி விதி அதற்கு இடம் கொடுக்கவில்லையா? கமாண்டைத் தனி வரியில் போட்டுவிடுங்கள். மேற்கோள் குறியே வேண்டாம், வம்பும் இல்லை.

விதியை மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு மார்க் வரும். படிப்பவர் என்ன செய்வார் என்று யோசித்து எழுதினால்தான் வேலை நடக்கும்.