நெய்தலின் காவல்



மலையடியில் அமைந்த பண்ணைப்புரத்திற்குக் கடல் தொலைவு. எனினும் ஐந்திணை பயின்றோர்க்கு நெய்தல் அயலன்று.

1914இல் இருப்புப்பாதை தனுஷ்கோடியை எட்டியது. இருபுறமும் கடல் சூழ்ந்த குறுகிய மணல்திட்டின்மேல் ஊர் வளர்ந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் எழுந்த அலைகள் ஊரையும், பயணிகளோடு வந்த தொடர்வண்டியையும் விழுங்கின.

2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்து அலையாத்திக் காடு தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாயிற்று. ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடங்களைத் தடுத்திருந்த விதியை, மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுக்கு 50 மீட்டராகக் குறைத்தது 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை. கடல் குறையவில்லை.

தாழையும் புன்னையும் பாட்டுக்கு மட்டும் உரிய கருப்பொருள்களல்ல. அலைக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் காவல். அவை நின்ற மணல்மேடுகளும் மறைந்தால், நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் ஒன்றே எஞ்சும்.